தொழிலாளிக்கு உண்டு, முதலாளிக்கு இல்லை

திருப்பூரில் பத்துத் தையல் மெஷின்களை வைத்து ஜாப் ஒர்க் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கூலி, வாடகை, கரண்ட் பில் எல்லாம் போக ஆண்டுக்கு 16 லட்சம் ரூபாய் நிற்கிறது. தன்னிடம் வேலை பார்க்கும் சூப்பர்வைசருக்காக அவர் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பணம் கட்டினால், அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 14 சதவீதம் வரை தொழில் செலவாகக் கணக்கு எழுதலாம். அதே திட்டத்தில் தன் பெயரில் 1,40,000 ரூபாய் கட்டினால், புதிய வரிமுறையில் ஒரு ரூபாய்கூடக் கழியாது.

அதே வரி அடுக்கில் இருக்கும் கம்பெனி மேலாளருக்கு இந்தத் தொகையை நிறுவனம் கட்டுகிறது. அதற்கு வரி இல்லை. 15 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து அவருக்கு 21,840 ரூபாய் மிச்சம்.

பழைய வரிமுறைக்குப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். அங்கே சொந்தத் தொழில் செய்பவர் இந்தத் திட்டத்தின் வழியாக 2 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். கழித்தபின் மிஞ்சும் 14 லட்சத்துக்கு வரி 2,41,800 ரூபாய். கழிவே இல்லாத புதிய முறையிலோ முழு 16 லட்சத்துக்கும் 1,24,800 ரூபாய்தான். ஓய்வூதியச் சலுகைக்காக 1,17,000 ரூபாய் கூடுதலாகக் கட்டச் சொல்ல எந்த ஆடிட்டருக்கும் மனம் வராது.

கழிவுகளைக் குறைத்து விகிதத்தையும் குறைப்பதே புதிய முறையின் நோக்கம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிறுவனம் கட்டும் பங்குக்கான கழிவை அரசு விட்டுவைத்தது மட்டுமல்ல, 2024 பட்ஜெட்டில் தனியார் ஊழியர்களுக்கு அதை 10 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர்த்தவும் செய்தது. கொள்கை என்றால் இருவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு கோணலும் உண்டு. இதே தொழிலை பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்து, இயக்குநராகச் சம்பளம் எடுத்தால் அவருக்கும் சலுகை கிடைத்துவிடும். தனி உரிமையாளராகவோ கூட்டாளியாகவோ இருந்தால் கிடைக்காது. கூட்டாளி எடுக்கும் ஊதியத்தைச் சட்டம் சம்பளமாகவே பார்ப்பதில்லை. செய்யும் வேலை ஒன்று, பதிவுச் சான்றிதழ் மட்டும் வேறு.

மாதச் சம்பளக்காரருக்கு பிஎஃப் தானாகப் பிடிக்கப்படுகிறது. சிறுதொழில் செய்பவரின் சேமிப்போ நூலிலும் மெஷினிலும் வெளியே நிற்கும் பாக்கியிலும் முடங்கிக் கிடக்கிறது. ஆர்டர் நின்றால் அதுவும் கரையும். வருமான வரி கட்டுபவர் என்பதால் 2022 அக்டோபர் முதல் அடல் ஓய்வூதியத் திட்டத்திலும் அவரால் புதிதாகச் சேர முடியாது.

அமெரிக்காவில் தனியாளாகத் தொழில் நடத்துபவர்கூட எஸ்இபி என்ற ஓய்வுக்காலக் கணக்கில் பணம் போட்டு வரிக் கழிவு பெறுகிறார். 2025-இல் அதன் உச்சவரம்பு 70,000 டாலர். அவ்வளவு பெரிய தொகையை இங்கே யாரும் கேட்கவில்லை.

சொந்தத் தொழில் செய்பவர் தன் பெயரில் கட்டும் ஓய்வூதியப் பணத்துக்கும், தொழில் வருமானத்தில் 14 சதவீதம் வரை, புதிய வரிமுறையிலேயே கழிவு தர வேண்டும். நிதியமைச்சகம் அடுத்த பட்ஜெட்டிலேயே இதைச் செய்யட்டும்.