மரபணு இருந்தால் மட்டும் போதாது

'இந்த நோய்க்கான மரபணு', 'அந்தக் குணத்துக்கான மரபணு' என்று செய்திகளைப் படித்துப் படித்து, மரபணு இருந்தாலே விளைவும் நிச்சயம் என்று நம்பப் பழகிவிட்டோம். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் இந்த நம்பிக்கையைத் தகர்க்கிறது. அதில் 'ஏ', 'ஆல்ஃபா' என இரு இணைசேர் வகைகள் உண்டு. இரண்டிலும் இருப்பவை ஏறக்குறைய அதே 6,000 மரபணுக்கள்தான். வகையைத் தீர்மானிப்பது மரபணுத்தொகுதியில் உள்ள 'மேட்' என்ற சிறு பகுதி. ஆல்ஃபா செல் வெளியிடும் ஃபெரமோன் ஏ செல்லின் ஏற்பியில் பட்டதும், புரதம் புரதமாகச் செய்தி கைமாறி உட்கருவை அடைகிறது. அங்கே, மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் புரதமான 'ஸ்டெ12' என்ற படியெடுப்புக் காரணியை டிக்1, டிக்2 புரதங்கள் அடக்கி வைத்திருக்கின்றன. ஃபஸ்3 நொதி அந்தத் தடையை விலக்கியதும் இணைசேர்க்கைக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. செல் பிரிவதை நிறுத்தி, துணை இருக்கும் திசையில் நீள்கிறது. இரண்டும் இணைந்த பின், இருவகைச் செல்களின் புரதங்களும் கைகோத்து அந்த மரபணுக்களில் பலவற்றை மீண்டும் அடக்குகின்றன. மரபணுக்கள் அப்படியேதான் இருக்கின்றன, ஆணைதான் மாறுகிறது.

ஒற்றைச் செல் உயிரியை வைத்து மனிதரை எடைபோடலாமா? அரிவாள் செல் சோகை ஒரே மரபணுப் பிழையால்தானே வருகிறது? நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஃபஸ்3க்கு உறவான நொதிகள் நம் செல்களிலும் செய்தி கடத்துகின்றன. அரிவாள் செல் சோகைக்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த கிரிஸ்பர் மரபணுத் திருத்தச் சிகிச்சை, பிழையான மரபணுவைத் தொடுவதே இல்லை. கருவில் இயங்கிய ஹீமோகுளோபின் மரபணுவை அடக்கிவைக்கும் பிசிஎல்11ஏ என்ற படியெடுப்புக் காரணியின் உற்பத்தியைக் குறைத்து, அந்த மரபணுவை மீண்டும் இயக்குகிறது. எனவே, எந்த மரபணு என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது; அது எப்போது, எதன் ஆணையில் இயங்குகிறது என்றும் கேட்க வேண்டும்.