விளையாட்டுப் பெட்டியும் கணினியும்

விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட 'கொன்சோல்' பெட்டி நின்று நிலைக்குமா, அன்றிப் பல வேலைக்கும் உதவும் கணினியே அதனை விழுங்கிவிடுமா என்னும் வழக்கு, கொழும்பு இளைஞரிடையே மட்டும் நடப்பதென்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். தம்பலகாமத்து வயல் வரம்பிலும் அது நடக்கிறது. என்னிடம் படிக்கும் மாணவர் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கும் வேகத்தைக் காணும்போது, கிழக்கிலங்கையின் கொம்புமுறி விளையாட்டே எனக்கு நினைவுக்கு வருகிறது. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். ஒன்று கோவலன் கட்சி, மற்றது கண்ணகி கட்சி. கட்சியை எவரும் ஆராய்ந்து தெரிவதில்லை. அது குடிவழியாக வருவது. வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இழுப்பர். ஒன்று முறியும்வரை ஓய்வில்லை. இன்றைய பிள்ளைகளின் கட்சியும் ஏறக்குறைய அவ்விதமே. தன் வீட்டில் எது இருக்கிறதோ அதுவே உயர்ந்தது. இரண்டும் இல்லாதவன் கைத்தொலைபேசியில் 'ஃப்ரீ ஃபயர்' ஆடிக்கொண்டே இரு சாராருக்கும் நடுவராக இருக்கிறான்!

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்போன்ற ஊர்களிற் கணினிக்கு வருங்காலம் உண்டு. தனி வீட்டுக் கொன்சோலுக்கு அது மங்கலாகவே தெரிகிறது. கொன்சோல் தாழ்ந்தது என்பதனாலன்று. தனக்கேயுரிய சிறப்பு எதுவோ அதனையே அது கைவிட்டு வருகிறது என்பதனால்.

அச்சிறப்பு யாது? பாயை விரித்து, தொலைக்காட்சிக்கு முன் நால்வர் அமர்ந்து, இரண்டு கைக்கருவிகளை மாறிமாறி வாங்கி ஆடலாம். எதனையும் நிறுவ வேண்டாம், திருத்த வேண்டாம்; வட்டைச் செருகினால் ஆட்டம் தொடங்கும். ஆடி முடித்த வட்டை அயல்வீட்டுப் பிள்ளைக்கு இரவல் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளேஸ்டேஷன் 2' உலகெங்கும் 16 கோடிக்கு மேல் விற்றதென்றால், இவ்வெளிமைக்கு அதிற் பெரும்பங்கு உண்டு. வேறொன்றும் உண்டு. அமெரிக்காவில் 299 டொலருக்கு வந்த அப்பெட்டி 2002இல் 199 டொலராயிற்று. வருடம் செல்லச் செல்ல விலை இறங்கும். இன்று எட்டாதது நாளை எட்டும் என்று ஏழை வீட்டுப் பிள்ளை காத்திருக்கலாம்.

இன்று நடப்பதோ தலைகீழ். 2020இல் 499 டொலருக்கு வந்த 'பிளேஸ்டேஷன் 5', 2025 ஓகஸ்ட் மாதத்தில் அதே அமெரிக்காவில் 550 டொலருக்கு ஏறியது. பழசாகும் பொருள் விலையேறும் விந்தையை நெல்லிற்கூட நாம் எளிதிற் காண்பதில்லை. வட்டின் கதி இதனிலும் இரங்கத்தக்கது. அப்பெட்டி வந்த நாளிலேயே வட்டுவாய் இல்லாத இன்னொரு வகையும் உடன் வந்தது. 2024 நவம்பரில் வந்த 'புரோ' என்னும் உயர்ந்த வகைக்கு வட்டுவாயே இல்லை. வேண்டுபவர் தனியே பணம் கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்ளல் வேண்டும். 2025 ஜூனில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்விட்ச் 2' பெட்டிக்குச் சில விளையாட்டுகள் ஓர் அட்டையில் வருகின்றன. அட்டைக்குள் விளையாட்டு இல்லை, அதன் திறப்பு மட்டுமே உண்டு. வீட்டை இணையத்தின் வழியே இறக்கிக்கொள்ள வேண்டுமாம்! 100 கிகாபைற்றைத் தாண்டும் விளையாட்டுகள் அரிதல்லாத இந்நாளில், கைத்தொலைபேசியின் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் ஒரு கமக்காரன் வீட்டில் இது நடக்கக்கூடியதா என்பதைப் படிப்பவரே சொல்லட்டும்.

இறக்குவதற்கும் கடை திறந்திருக்க வேண்டுமே. சோனி நிறுவனத்தின் இணையக் கடைக்கு இலங்கை என்றொரு நாடு இல்லை. இந்தியாவுக்கு வாசல் உண்டு, நமக்கு இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் பிறநாட்டான் ஒருவனின் வேடத்திற் கணக்குத் திறக்கின்றனர். 2024 மே மாதத்தில் இத்தடை கணினிக்காரரையும் வந்து தொட்டது. 'ஹெல்டைவர்ஸ் 2' என்னும் விளையாட்டைக் கணினியில் ஆடுபவரும் சோனியிற் கணக்கு வைத்திருக்க வேண்டும் என ஓர் ஆணை பிறந்தது. அக்கணக்கிற்கு இடமில்லாத 170க்கு மேற்பட்ட நாடுகளில் விற்பனையும் நிறுத்தப்பட்டது. இலங்கையும் அவற்றுள் ஒன்று. உலகெங்கும் எழுந்த கூக்குரலால் ஆணை சில நாட்களிலேயே மீளப்பெறப்பட்டது. ஆயினும், பணம் கொடுத்து வாங்கியவனை வாசலில் நிறுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை அந்தச் சில நாட்கள் காட்டிவிட்டன.

கணினிக் கட்சியார் இதனைக் கேட்டு மகிழ வேண்டாம். அவர்களின் பெருங்கடையாகிய 'ஸ்டீம்' 2003இல் திறக்கப்பட்டது. அது நம்மிடம் டொலரில் விலை கேட்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவானபோது, ஒரு விளையாட்டின் விலை நம் வீட்டில் என்னவாயிற்று என்பதற்குக் கணக்காசிரியர் வேண்டியதில்லை. 2024 ஒக்டோபர் முதல் அக்கடை, நீங்கள் வாங்குவது பொருளையன்று, அனுமதியை என்று வெளிப்படையாகவே அறிவிக்கிறது. 'த குரூ' என்னும் கார் ஓட்ட விளையாட்டை யூபிசொப்ற் நிறுவனம் 2024 மார்ச் 31இல் நிறுத்தியபோது, கணினியில் வாங்கியவரும் கொன்சோலில் வாங்கியவரும் ஒருசேர இழந்தனர்; வட்டைக் கையில் வைத்திருந்தவருக்கும் அது வெறும் தட்டாயிற்று. விற்ற விளையாட்டை இவ்வாறு சாகடிக்கலாகாது எனக் கோரும் ஐரோப்பியக் குடிமக்களின் மனு 2025 ஜூலையிற் பத்து இலட்சம் கையொப்பங்களைத் தாண்டிற்று. நாம் ஆடுபுலி ஆட்டத்தைத் தரையிற் கரியாற் கீறி ஆடினோம். அக்கோட்டை அழிக்க மழையால் முடியும், கம்பனியால் முடியாது.

பின் ஏன் கணினியின் பக்கம் நிற்கிறேன்? அதற்குப் பல கடைகள் உண்டு. 2008இல் தொடங்கிய 'குட் ஓல்ட் கேம்ஸ்' போன்ற கடைகளில் வாங்கியதைப் பிரதிசெய்து அலுமாரியிற் பூட்டி வைக்கலாம். எவரையும் கேளாது பத்தாண்டு கழித்தும் ஆடலாம். பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம். 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை பாய்ந்து ஏறியது உண்மையே. எனினும், பழைய உறுப்பு வாங்கும் வழி கணினிக்கு உண்டு. எல்லாவற்றிலும் மேலாக, கந்தளாய்க் குளத்து நீரில் விளைந்த பெரும்போக நெல்லை விற்று வந்த ஒரு தகப்பனிடம், "அப்பா, இது படிப்புக்கும் உதவும்" என்று மகள் கணினியைக் காட்டிச் சொல்ல முடியும். அது முழுப் பொய்யும் அன்று. கொன்சோலைக் காட்டி அப்படிச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் நா எழாது.

விளையாட்டை ஆக்குவோரிடையே இச்சண்டை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. இலக்கிய அன்பர்கள் அறியவேண்டிய ஓர் உதாரணம் 'வெண்பா'. ரொறன்ரோவில் ஒரு சிறு குழுவினர் ஆக்கிய இவ்விளையாட்டில், கனடாவிற் குடியேறிய தமிழ்த் தாயொருத்தி, சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு தாய்வீட்டு உணவை மீண்டும் சமைக்கிறாள். 2023 ஜூலை 31இல் கணினிக்கும் கொன்சோல்களுக்கும் ஒரே நாளில் வெளிவந்தது. 2024இல் பிரித்தானிய பாஃப்டா அமைப்பின் முதற்படைப்புக்கான விருதைப் பெற்றது. புட்டும் இட்டலியும் எந்தப் பெட்டியில் வெந்தாலென்ன?

கைத்தொலைபேசி இரண்டையும் வென்றுவிட்டதே என்பாரும் உளர். 2022இல் 13 மணிநேர மின்வெட்டின்போது ஊரில் ஒளிர்ந்த ஒரே திரை அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒருவனை ஒரு மூலைக்குக் கொண்டுபோகும் கருவி. கொன்சோலின் பாயில் நால்வர் இருந்தனர்.

அதனாற்றான், கொன்சோலை நான் முற்றாகக் கைவிடச் சொல்லவில்லை. அதற்குரிய இடம் வாசிகசாலை. ஒரு பெட்டியும், நான்கு கைக்கருவிகளும், இரவல் கொடுக்கக்கூடிய இருபது வட்டுகளும் ஓர் ஊருக்குப் போதும். நூல்களை இரவல் கொடுக்கும் பேரேட்டிலேயே வட்டுகளையும் பதியலாம். வாங்கச் செல்லும் செயலாளர் வட்டுவாய் உள்ள பெட்டியா என்பதை மட்டும் கடையிலேயே திறந்து பார்த்து வாங்கிவர வேண்டும்.