நிற்கத் தெரிந்த கார்

ஒரத்தநாடு சாலையில் ஆடு ஒன்று குறுக்கே பாய்கிறது. மோட்டார் சைக்கிளில் வரும் வாலிபர் பிரேக்கை அழுத்துகிறார். வண்டி சட்டென்று நிற்கிறது. இந்த 'டிஸ்க்' பிரேக்கை உலகறியச் செய்தது ஒரு பந்தயக் கார்!

1953-ம் ஆண்டு. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம். பழைய பிரேக் சூடேறினால் பிடிப்புத் தளரும். ஜாகுவார் 'சி-டைப்' காரிலோ, சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் புது பிரேக்! காற்றுப் பட்டுச் சூடு தணிந்துவிடும். ஜாகுவாரே வென்றது. அந்த ரகத்தில் செய்தவை 53 கார்களே.

காரைக் கண்டவர் சிலர். அதன் பிரேக்கோ இன்று நம் வீட்டு வாசலில் நிற்கிறது. அதை நம்பிப் பறக்கலாமா? சாலையில் காயும் நெல்லில் சக்கரம் வழுக்கினால் எந்தப் பிரேக்கும் காப்பாற்றாது.

தம்பிகளே, நிதானமாக வாருங்கள். வீட்டில் அம்மா காத்திருக்கிறாள்.