தாட்சர் எந்தக் கட்சி?

போன வாரம் ஒரு நிச்சயதார்த்தப் பந்தி. பக்கத்து இலையில் ஹூஸ்டனிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பிள்ளை. வெயிலைப் பற்றிப் பேச்சு வந்ததும், "கிளைமேட் சேஞ்செல்லாம் இடதுசாரிங்க கிளப்பிவிட்டது அத்தை, அங்க பாதிப் பேர் நம்புறதே இல்ல" என்றான். 2017-ல் ஹார்வி புயலின்போது அவன் வீட்டுக் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. சூடேறிய மெக்சிகோ வளைகுடா கொடுத்த ஈரம் அது. முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ரசம் வருவதற்குள் இலையை விட்டு எழுந்துவிட்டேன்.

இடதுசாரிகள் கிளப்பியதாம். பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சர் இடதுசாரியா? 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஒரு வருடம் அசையாமல் நின்று முறித்தவர். அரசு நிறுவனங்களை வரிசையாகத் தனியாருக்கு விற்றவர். அந்த அம்மாள்தான் 1989 நவம்பரில் ஐ.நா. பொதுச் சபையில், காற்றில் சேரும் கரியமில வாயுவைப் பற்றி எச்சரித்தார். மறு வருடம் காலநிலை ஆய்வுக்கான ஹாட்லி மையத்தைத் திறந்துவைத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தவர் அவர். இந்த வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று 1859-லேயே ஜான் டிண்டல் சோதனை செய்து காட்டிவிட்டதை அவருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிற்காலத்தில் மாற்றிப் பேசினாரே என்று கிளம்பி வருவார்கள். பேசினார். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-லிருந்து அளந்துவரும் கருவி மாற்றிப் பேசவில்லையே! அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு கரியமில வாயு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

அமெரிக்காவின் கதை இன்னும் கேவலம். 1992-ல் ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதிபர் மூத்த புஷ் குடியரசுக் கட்சிக்காரர். அதே கட்சியின் செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப், 2015 பிப்ரவரியில் ஒரு பனி உருண்டையைச் சபைக்குள் கொண்டுவந்து வீசினார். வெளியே குளிர்கிறதாம், ஆகவே பூமி சூடாகவில்லையாம். வானிலை வேறு, காலநிலை வேறு என்பது நம் ஊர்ப் பள்ளிப்பிள்ளைக்குத் தெரியும். அவரோ அப்போது செனட்டின் சுற்றுச்சூழல் குழுவுக்கே தலைவர்!

அதற்கு ஐந்து வாரம் முன்பு அதே சபையில் வாக்கெடுப்பு நடந்தது. காலநிலை மாற்றம் உண்மை, புரட்டு அல்ல என்பதற்கு 98 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. இன்ஹோஃபும் ஆதரித்தார். அதில் மனிதனுக்குக் கணிசமான பங்கு உண்டு என்றதும் 50-49 ஆகி, வேண்டிய 60 கிடைக்காமல் தோற்றது. காய்ச்சல் உண்டு, காரணத்தை மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் எண்ணெயில் கைவைக்க வேண்டும். எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகளே 1970-களின் பிற்பகுதியிலிருந்து கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள்; கணக்கு பலித்தது. நிறுவனமோ வெளியே பல வருடம் சந்தேகத்தைப் பரப்பியது. இதையா கருத்து வேறுபாடு என்பது?

'கருத்து' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தொலைக்காட்சியில் ஒரு மருத்துவரையும் ஒரு வாய்ச்சவடால்காரரையும் எதிரெதிரே உட்காரவைத்து அதற்கு நடுநிலை என்று பெயர். சர்க்கரை நோய்க்கு மாத்திரையே வேண்டாம் என்று ஒருவர் சொல்வதை நம்பிக் கால் விரலை இழந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அந்த ஹூஸ்டன் பிள்ளை பொறியியல் படித்தவன், தெர்மோடைனமிக்ஸில் அரியர் வைக்காமல் தேறியவன். தாட்சருக்குப் புரிந்த வேதியியல் அவனுக்குப் புரியாதா? புரியும். கூட இருக்கும் கூட்டம் முகம் சுளிக்குமே என்ற பயம்.

நேற்று அவன் அம்மா போனில் கூப்பிட்டாள். பந்தியில் பாதியில் எழுந்தது அவமானம் என்றாள். இலைக்கு மன்னிப்புக் கேட்டேன். பேச்சுக்குக் கேட்க மாட்டேன். ஹூஸ்டனுக்கு விமானம் ஏறுமுன் தாட்சர் எந்தக் கட்சி என்று அவன் எனக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும்.