50 ஆண்டுகளாகப் பனியை அளக்கும் ஒற்றை மனிதர்: 4 கோடி பேரின் தண்ணீருக்கும் அவரது நோட்டுக்கும் என்ன தொடர்பு?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில் சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காத்திக் என்ற ஊர். குளிர்காலத்தில் அங்கே காரில் போக முடியாது. பனி அகற்றப்பட்ட கடைசி சாலையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் பனிச்சறுக்குக் கட்டைகளில்தான் போக வேண்டும்.

அங்கே ஒருவர் தினமும் வீட்டு முற்றத்துக்கு வந்து, எவ்வளவு பனி பெய்திருக்கிறது என்று அளந்து எழுதுகிறார். இதற்குச் சம்பளம் கிடையாது. யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. 50 ஆண்டுகளுக்கும் மேலாக எழுதி வருகிறார். அவர் பெயர் பில்லி பார்.

கொலராடோ ஆற்று நீரைப் பங்கிடும் விதிகள் 2026 இறுதியில் காலாவதியாகின்றன. அதனால் மலையில் எவ்வளவு பனி, அதிலிருந்து எவ்வளவு தண்ணீர் என்ற கேள்விக்கு இப்போது மவுசு அதிகம். இந்த நேரத்தில் ஒரு தனி மனிதரின் குறிப்புகள் ஏன் முக்கியம்?

யார் இந்த பில்லி பார்?

ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவராக இருந்த பார், 1972-ல் ஆய்வு வேலைக்காக காத்திக் வந்தார். 19-ம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்க ஊராக இருந்து, பிறகு மக்கள் காலி செய்துவிட்டுப் போன இடம் அது. 1928 முதல் அங்கே ராக்கி மலை உயிரியல் ஆய்வகம் இயங்குகிறது. கோடையில் விஞ்ஞானிகள் கூடுவார்கள். குளிர் வந்தால் கிட்டத்தட்ட எல்லோரும் இறங்கிவிடுவார்கள். இவர் இறங்கவில்லை.

ஆரம்பத்தில் பழைய சுரங்கத் தொழிலாளர் குடிசை ஒன்றில் தங்கினார். தனிமை பிடித்திருந்தது. ஆனால் பொழுது போக வேண்டுமே! அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, புதிதாகப் பெய்த பனி, தரையில் கிடக்கும் மொத்தப் பனி என எழுத ஆரம்பித்தார். கண்ணில் பட்ட பறவை, விலங்குகளும் நோட்டில் ஏறின. பின்னாளில் அதே ஆய்வகத்தில் கணக்கு வேலை பார்த்தார். தன் பெயரை ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகளிலேயே எழுதுவது இவர் வழக்கம். இப்போது 70 வயதைக் கடந்துவிட்டார்.

பனியை எப்படி அளக்கிறார்கள்?

கேட்க எளிதாகத் தோன்றும். ஒரு வெள்ளைப் பலகையைத் திறந்தவெளியில் வைக்க வேண்டும். அதன்மேல் விழுந்த பனியின் உயரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். பிறகு பலகையைத் துடைத்து, புதிய பனியின் மேல் மறுபடி வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே என்றால், பனி தன் எடையாலேயே அமுங்கும். மணிக்கு ஒருமுறை அளந்து கூட்டினால் கணக்கு ஏறிவிடும். ஒரு நாள் கழித்து அளந்தால் குறைந்துவிடும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பலகையைத் துடைக்கக் கூடாது என்று அமெரிக்க வானிலை சேவை விதி வைத்திருப்பது இதனால்தான். காற்று அடித்தால் ஓரிடத்தில் குவியும், பக்கத்திலேயே தரை தெரியும்.

பெரிய நிலையங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. 2016 ஜனவரியில் வாஷிங்டனைப் பனிப்புயல் தாக்கியபோது, ரீகன் தேசிய விமான நிலையத்தில் பதிவானது 17.8 அங்குலம். பக்கத்து பால்டிமோர் விமான நிலையத்தில் 29.2 அங்குலம். என்ன ஆச்சு என்று பார்த்தால், ரீகனில் அளக்கும் பலகையே பனிக்குள் புதைந்து காணாமல் போயிருந்தது. கடைசியில் இதை ஆராய ஒரு குழுவையே அமைக்க வேண்டியதாயிற்று.

பனி வேறு, தண்ணீர் வேறா?

ஆமாம். பொதுவாக 10 சென்டிமீட்டர் புதுப் பனியை உருக்கினால் சுமார் 1 சென்டிமீட்டர் தண்ணீர் கிடைக்கும் என்பார்கள். ஆனால் ராக்கி மலைப் பனி மாவு மாதிரி உலர்ந்தது. பல நேரங்களில் இதைவிடக் குறைவாகவே தண்ணீர் தரும். அதனால் பனியை உருக்கியோ எடை போட்டோ நீர் அளவைத் தனியாகக் கணக்கிட வேண்டும். பாரின் குறிப்புகளில் அந்தக் கணக்கும் இருக்கிறது.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? காத்திக்கில் உருகும் பனி ஈஸ்ட் ஆற்றில் இறங்கி, கன்னிசன் ஆறு வழியாகக் கொலராடோ ஆற்றில் கலக்கிறது. 7 அமெரிக்க மாநிலங்களிலும் மெக்சிகோவிலுமாக சுமார் 4 கோடி பேர் அந்த ஆற்றை நம்பியிருக்கிறார்கள். ஆற்று நீரில் பெரும்பகுதி மலைப்பனி உருகி வருவதுதான். குடகில் மழை என்றால் நம்மவர்கள் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்ப்பதுபோல, அங்கே குளிர்காலப் பனியைப் பார்த்துக் கோடைத் தண்ணீரைக் கணிக்கிறார்கள்.

அந்தக் கணக்கு ஏன் தப்புகிறது?

2021-ல் கொலராடோ ஆற்றின் மேல்படுகையில் பனி சராசரியில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஆனால் பாவல் ஏரி நீர்த்தேக்கத்துக்கு வந்த கோடை நீர்வரத்து சராசரியில் பாதிகூட இல்லை. அந்த ஆகஸ்டில், வரலாற்றிலேயே முதன்முறையாக ஆற்றில் பற்றாக்குறை என்று மத்திய அரசு அறிவித்தது.

நடுவில் தண்ணீர் எங்கே போனது? பனியில் ஒரு பகுதி உருகாமலே நேரடியாக ஆவியாகிவிடும். முந்தைய ஆண்டு வறட்சியில் காய்ந்த மண் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். பாலைவனத் தூசி பனிமேல் படிந்தால், கறுத்த பனி வெயிலை அதிகம் வாங்கிச் சீக்கிரம் உருகும். வசந்தகால மழை குறைந்ததே ஆற்று நீர் குறைந்ததற்குப் பெரிய காரணம் என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில் சொன்னார்கள்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க எரிசக்தித் துறை 2021 செப்டம்பர் முதல் 2023 ஜூன் வரை ரேடார் உள்ளிட்ட கருவிகளுடன் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் காத்திக் இருக்கும் அதே பள்ளத்தாக்குதான்.

நோட்டு அறிவியல் ஆனது எப்படி?

இருபது ஆண்டுகளுக்கு மேல் பாரின் நோட்டு அவர் வீட்டில்தான் கிடந்தது. உயிரியலாளர் டேவிட் இனூயே அதன் மதிப்பை உணர்ந்த பிறகு கதை மாறியது. 2000-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவராக பாரின் பெயரும் இடம்பெற்றது.

அந்தக் கட்டுரை சொன்ன விஷயம் சுவாரசியமானது. மார்மட் என்ற பெரிய மலை அணில், குளிர்கால உறக்கத்திலிருந்து 23 ஆண்டுகளுக்கு முன்பு எழுந்ததைவிட 38 நாட்கள் முன்னதாக எழத் தொடங்கியிருந்தது. ராபின் பறவைகள் மலைக்கு வருவதும் 14 நாட்கள் முந்தியிருந்தது. ஆனால், பனி உருகித் தரை தெரியும் தேதி அப்போது பெரிதாக மாறவில்லை. அதாவது, வெப்பத்தை நம்பி எழுந்த விலங்கு வெளியே வந்து பார்த்தால் எங்கும் பனி. சாப்பிட ஒன்றும் இல்லை.

விலங்கு, பறவை, பனி மூன்றையும் ஒரே இடத்தில் ஒரே ஆள் பல ஆண்டுகள் எழுதி வைத்திருக்காவிட்டால், இந்த இடைவெளி கண்ணில் பட்டிருக்காது.

அதன்பிறகும் பதிவு தொடர்ந்தது. குளிர்காலப் பனி தரையில் நிலைப்பது தாமதமாகிறது, உருகுவது முந்துகிறது என்பதே நீண்ட காலப் போக்கில் தான் பார்ப்பது என்று பார் சொல்லி வருகிறார். விமானத்திலிருந்து லேசர் மூலம் பனியை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்கவும் இவரது அளவுகள் உதவியிருக்கின்றன.

மெஷின் இருக்கே, மனிதர் எதற்கு?

நியாயமான கேள்வி. மேற்கு அமெரிக்க மலைகளில் ஸ்னோடெல் என்ற 900-க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் உள்ளன. பனியின் எடையை அழுத்தத்தால் அறிந்து தகவல் அனுப்புபவை அவை. பரந்த பகுதியைக் கண்காணிக்க அவைதான் வேண்டும். ஒருவர் முற்றத்தில் எடுத்த அளவு ஒட்டுமொத்த மலைக்கும் பொருந்தாது. அடுத்த மேட்டிலேயே அளவு மாறலாம்.

ஆனால் கருவிக்கும் குறைகள் உண்டு. பலத்த காற்றில் மழைமானிக்குள் விழவேண்டிய பனி வெளியே பறந்துவிடும். கருவியையோ அது இருக்கும் இடத்தையோ மாற்றினால், அளவில் வந்த மாற்றம் வானிலையாலா, கருவியாலா என்று குழப்பம் வரும். பாரின் பதிவுக்கு மதிப்பு வந்ததே அந்தத் தொடர்ச்சியால்தான். ஒரே ஊரில், ஒரே ஆள், ஒரே பழக்கத்தோடு எழுதியது அது.

குறுகிய கணக்கால் வந்த வினை

நீண்ட பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கொலராடோ ஆறே உதாரணம். 1922-ல் மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு மேல்படுகைக்கு 327 டி.எம்.சி., கீழ்ப்படுகைக்கு 327 டி.எம்.சி. என்று பிரித்தன. மொத்தம் சுமார் 654 டி.எம்.சி. இது ஏழு மேட்டூர் அணைகள் நிரம்பும் அளவு. 1944-ல் மெக்சிகோவுக்கும் சுமார் 65 டி.எம்.சி. ஒதுக்கப்பட்டது.

ஒப்பந்தம் போட்டபோது கையில் இருந்தது கொஞ்ச ஆண்டுகளின் ஆற்றுக் கணக்குதான். அந்த ஆண்டுகளோ வழக்கத்தைவிட ஈரமானவை. 2000-க்குப் பிறகு ஆற்றின் இயற்கையான ஓட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 540 டி.எம்.சி. அளவில்தான் இருக்கிறது. இல்லாத தண்ணீரைப் பங்கு போட்டுவிட்டு, நூறு ஆண்டுகளாக அதற்காகச் சண்டை நடக்கிறது.

அடுத்து என்ன?

2007-ல் வகுத்த தற்காலிக விதிகளின் இடத்தில் வருவது எதுவாக இருந்தாலும், யாருக்கு எவ்வளவு வெட்டு என்பதைச் சொல்ல வேண்டியிருக்கும். எந்த ஆண்டுகளைச் சராசரியாக எடுப்பது, பனியிலிருந்து எவ்வளவு நீரை நம்புவது என்ற கேள்விகள் அதற்குள் வந்தே தீரும்.

பார் தன் பதிவுகளை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார். எனவே இதுவரை எழுதியது தொலைந்துபோகாது. அவருக்குப் பிறகு அந்த முற்றத்தில் தினமும் அளப்பது யார் என்பதுதான் கேள்வி. கருவி வைத்தாலும், பழைய முறையையும் புதிய முறையையும் சில ஆண்டுகள் சேர்த்தே நடத்தி ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் தொடர் அறுந்துவிடும்.

வேலையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வழியும் இருக்கிறது. 1997 ஜூலையில் கொலராடோவின் போர்ட் காலின்ஸ் நகரில் பெய்த பேய்மழையில் 5 பேர் இறந்தார்கள். நகரின் ஒரு பக்கம் கொட்டியது மறுபக்கத்துக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டே கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோகோராஸ் என்ற தன்னார்வலர் அமைப்பு தொடங்கியது. இன்று 50 மாநிலங்களிலும் சாதாரண மக்கள் வீட்டில் ஒரு மழைமானி வைத்து, மழையையும் பனியையும் தினமும் அளந்து அனுப்புகிறார்கள்.

அவர்களுக்குச் சொல்லித்தரும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. மழையோ பனியோ இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று பதிவு செய்ய வேண்டும். காலியாக விட்டால், பெய்யவில்லையா, அளக்கவில்லையா என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது.