அந்தியேட்டி செய்ய முடியாத வீடுகள்

இலங்கையில் போர் முடிந்த கையோடு, 2009 யூலை முதல் செப்டெம்பர் வரை யாழ். மாவட்டத்தில் நடந்த உளநல ஆய்வொன்று 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. நூற்றுக்கு 32.6 பேரிடம் பதகளிப்பு, 22.2 பேரிடம் மனச்சோர்வு, 7 பேரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு. மருத்துவர்களையும் மாத்திரைகளையும் கூடுதலாக அனுப்பினால் இது தீர்ந்துவிடும் என்று எண்ணுவது தவறு.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வடக்கின் கூட்டு மனவடு பற்றி 2007இலேயே எழுதிவிட்டார். ஊரே காயப்பட்டிருக்கிறது என்பதுதான் அவருடைய முடிவு. அயலவரை நம்பாமை, சந்தேகம், வாய்திறவாமை, எதிலும் பற்றின்மை எல்லாம் அவர் கண்ட அறிகுறிகள். இவற்றுக்கு மருந்துச்சீட்டு எழுத முடியாது.

காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டை நினைத்துப் பாருங்கள். இறந்தவருக்குச் செய்யும் எட்டுச்செலவு அங்கே இல்லை, அந்தியேட்டி இல்லை. ஊர் கூடி அழுது, 31ஆம் நாளோடு வீட்டாரை மெல்ல வழமைக்குத் திருப்பும் ஒழுங்கு தொடங்கவே இல்லை. மகன் உயிரோடிருப்பான் என்று நம்பும் தாய்க்குக் கிரியை செய்வது அவனைத் தன் கையால் கொல்வது போன்றது. இப்படிக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் போராட்டம் தொடங்கினார்கள். அதில் இருந்த பெற்றோர் பலர் விடை தெரியாமலே கண்மூடிவிட்டார்கள்.

பழையதைக் கிளறினால் நல்லிணக்கம் கெடும் என்கிறார்கள் சிலர். அந்த மௌனத்தைத்தானே சோமசுந்தரத்தின் ஆய்வு நோயின் அறிகுறி என்கிறது! உண்மையைச் சொல்வது நீதியின் கடமை. இந்த மக்களுக்கு அதுவே சிகிச்சையும்கூட.

யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சிறுவர்களுடையவையும் இருந்தன, பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று கண்டறியும் வேலையை அரசு இழுத்தடிக்கக் கூடாது. முதிய பெற்றோர் உயிரோடிருக்கும்போதே அவர்களின் மரபணு மாதிரிகளைப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும். பரிசோதனையில் சர்வதேச நிபுணர்கள் பங்கேற்க வேண்டும். இல்லாவிட்டால் முடிவை இந்த மக்கள் நம்பமாட்டார்கள், நம்பும்படி கேட்கும் உரிமையும் அரசுக்கு இல்லை. முடிவு சொல்லப்படும் நாளில் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவர் அந்தக் குடும்பத்தோடு இருக்க வேண்டும். எச்சங்களை எங்கே, எந்த முறையில் அடக்குவது அல்லது தகனம் செய்வது என்பதைக் குடும்பத்தாரே முடிவு செய்யட்டும். அந்த வீட்டு வாசலில் புலனாய்வாளர் எவரும் நிற்கக் கூடாது.