எச்சரிக்கையைப் படிக்கக் கற்போம்

பள்ளி விடுமுறையில் சபா மாநிலத்துச் செம்பொர்னாவுக்குச் சென்று சிப்பாடான் கடலில் முக்குளிக்கலாமா என்று இளம் ஆசிரியர் சிலர் என்னிடம் வினவினர். அயல்நாட்டு அரசுகளின் பயண எச்சரிக்கைகளைக் காட்டி ஒருவர் தடுத்தார். விதிப்படியே எல்லாம் நடக்கும் என்று மற்றொருவர் நகைத்தார். இரண்டுமே சிந்தனைச் சோம்பல் என்பேன்.

2000 ஏப்ரல் 23 அன்று அபு சயாப் கும்பல் சிப்பாடானிலிருந்து 21 பேரைக் கடத்தி ஜோலோ தீவுக்குக் கொண்டு சென்றது. 2013இல் கிழக்குச் சபா பாதுகாப்புக் கட்டளையகம் அமைந்த பின்னரும், அவ்வாண்டு நவம்பரில் போம் போம் தீவில் தைவான் பயணி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இவற்றை மறந்து விதியைத் துணைக்கழைப்பது வீரமா? ஆழம் தெரியாமல் காலை விடும் பேதைமையன்றோ!

ஆயினும், கம்போங் மேடானில் வாழும் நாம் மறுபக்கத்தையும் அறிவோம். 2001 மார்ச் கலவரத்தில் இங்கே அறுவர் மாண்டனர். அமைதி திரும்பிய பின்னரும் ஊரின் பெயரைக் கேட்டே உறவினர் வர மறுத்தனர். அவ்வடுவைச் சுமந்த நாம், செம்பொர்னா மக்களுக்கு அதையே இழைக்கலாமா? அன்று கடத்தப்பட்டோரில் சரிபாதிக்கு மேற்பட்டோர் அத்தீவில் உழைத்துப் பிழைத்த ஊழியர்களே!

எச்சரிக்கை தீர்ப்பாகாது. அது எவ்விடத்திற்கு, எந்நாளில், எக்காரணத்தால் விடுக்கப்பட்டது என ஆராய்க. கடலில் இரவு ஊரடங்கு நடப்பிலுள்ளதா, படகோட்டி அதனை மதிப்பவரா, காப்புறுதி அப்பகுதியில் செல்லுபடியாகுமா எனக் கேட்டறிக. விடை நிறைவளித்தால் செல்க, இல்லையேல் தவிர்க்க. மாணவர்க்குச் சிந்திக்கக் கற்பிக்கும் நாம், நம் முடிவை அச்சத்திடமோ விதியிடமோ ஒப்படைக்கலாகாது.